பெயர் ஒருவருடையது, செலவு மற்றொருவருடையது

ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் தொழிற்சாலை வேலைக்குப் போனாலும், அந்த நால்வரில் வங்கி நம்பிக் கடன் கொடுப்பது பெரும்பாலும் ஒருவருக்குத்தான் என்பது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைப் பிரதேசத்தில் குடியிருக்கும் எல்லோரும் அனுபவத்தில் அறிந்த விஷயம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதும், 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்ததும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் எழுந்ததும், இவற்றைச் சூழ உதிரிபாகக் கம்பெனிகள் பெருகியதும், திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல ஜில்லாக்களின் வாலிபர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே அந்தஸ்தில் அமர்த்தப்படவில்லை. ஒருவர் 'பெர்மனென்ட்', மற்றவர் 'கான்ட்ராக்ட்', இன்னொருவர் 'ட்ரெயினி'. ஒரே ஷிப்டுக்குப் போய் ஒரே கன்வேயரின் முன்னால் நின்று வேலை செய்தாலும், பெர்மனென்ட் தொழிலாளியின் பே ஸ்லிப்பில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளியின் சீட்டிலோ இந்த வருஷம் ஒரு ஒப்பந்தக்காரரின் பெயரும் அடுத்த வருஷம் வேறொருவரின் பெயரும் இருக்கின்றன. வங்கியின் கண்ணுக்கு முதலாமவர் மனிதர். இரண்டாமவர் வெறும் விண்ணப்பம்.

ஆகவே அட்டை முதலாமவர் பெயரில் வருகிறது. 1980-இல் சென்ட்ரல் பாங்க் மூலமாக இந்த தேசத்தில் நுழைந்து, வெகுகாலம் வரை உத்தியோகஸ்தர்களுக்கும் வர்த்தகர்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த கிரெடிட் கார்டு, 2024-இன் தொடக்கத்தில் பத்துக் கோடி என்ற எண்ணிக்கையைக் கடந்துவிட்டபோது, ஆலைத் தொழிலாளியின் சட்டைப்பையும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. அட்டை வந்தபின், அது அந்த ஒருவருடைய சொத்தாக நிற்பதில்லை. தங்கையின் கல்யாணத்துக்குப் பாத்திரம், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன், மைத்துனனுக்கு ஒரு மொபைல் போன் என்று குடும்பத்தின் அவசரங்கள் எல்லாம் அதைத் தேடி வருகின்றன. "மாமா, கார்டைக் கொஞ்சம் குடுங்க, மூணு மாசத்துல கட்டிடறேன்" என்று அக்காள் புருஷனிடம் கேட்கிற தம்பி வஞ்சகன் அல்லன். கேட்கிற வேளையில் கட்டிவிட முடியும் என்றே அவன் மனப்பூர்வமாக நம்புகிறான். "இல்லை" என்று சொல்ல மாமனுக்கும் வாய் வருவதில்லை. அடுப்பங்கரையில் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற முகதாட்சண்யம் ஒன்றே போதும், அட்டை கைமாறிவிடுகிறது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். வங்கிக்கு மைத்துனன் என்று ஒருவன் இருப்பதே தெரியாது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை விதிகளின்படி, குடும்பத்தாருக்கு முறைப்படி 'ஆட்-ஆன்' அட்டை வாங்கிக் கொடுத்தாலும்கூட, அதன் கடனுக்குப் பொறுப்பாளி பிரதான அட்டைதாரரே. சும்மா கையில் கொடுத்து, ஓ.டி.பி.யையும் தொலைபேசியில் படித்துச் சொன்னவருக்கு அதைவிடச் சலுகை எப்படிக் கிடைக்கும்? நாளைக்கு உறவு முறிந்து, "நான் செலவு செய்யவில்லை" என்று அவர் சொன்னாலும் அந்த வாதம் எடுபடாது.

ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். உதாரணத்துக்காக, மைத்துனன் தன் தாயாரின் வைத்தியத்துக்காக மாமனுடைய அட்டையில் ஒரு லட்ச ரூபாய் தேய்த்தான் என்று வைத்துக்கொள்வோம். பில்லின் முகப்பில் இரண்டு தொகைகள் அச்சிட்டிருக்கின்றன: மொத்த பாக்கி 1,00,000, மினிமம் டியூ 5,000. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பல் துலக்கும் முன் போனில் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்க்கிறவருடைய கண் இரண்டாவது தொகையிலேயே போய் நிற்பது இயல்பு. அவர் மைத்துனனுக்குப் போன் செய்கிறார். அவனும் நாணயமாக ஐயாயிரத்தை அனுப்புகிறான். "இந்த மாசம் டியூ கட்டியாச்சு மாமா" என்கிறான். இருவரும் நிம்மதியடைகிறார்கள். அடுத்த மாதப் பில்லின் கீழ்ப்பகுதியில், சிறிய எழுத்தில், ஃபைனான்ஸ் சார்ஜ் என்று 3,500 ரூபாயும், அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. என்று 630 ரூபாயும் ஏறியிருக்கின்றன. மாதம் மூன்றரை சதவிகிதம் என்பது பல அட்டைகளில் சர்வசாதாரணமான விகிதம். வருஷக் கணக்கில் அது 42 சதவிகிதம். ஆக, கட்டிய ஐயாயிரத்தில் 4,130 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய், அசலில் குறைந்தது 870 ரூபாய்தான். இதற்கிடையில் மாமன் தம் வீட்டுக்கு மளிகையோ பெட்ரோலோ அதே அட்டையில் வாங்கியிருந்தால், பழைய பாக்கி நிற்கிற காரணத்தால், அந்தப் புதிய செலவுக்கும் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய், வாங்கிய தினத்திலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

மாதம் தவறாமல் ஐயாயிரமே கட்டிவந்தால் இந்தக் கடன் தீர 44 மாதங்கள் ஆகும். கட்டிய மொத்தம் சுமார் 2,16,000 ரூபாய். எட்டாயிரம் கட்டினால் 18 மாதம், மொத்தம் சுமார் 1,43,500. பத்தாயிரமாக உயர்த்த முடிந்தால் 14-ஆவது மாதத்தில் தீர்ந்துவிடும், மொத்தம் 1,32,000-க்குள். மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுவதால் இரண்டு வருஷத்துக்கும் மேலான அடிமைத்தனம் நீங்குகிறது என்பதை, கணக்குப் போட்டுப் பார்க்காத வரை எந்தக் குடும்பமும் நம்பாது. இந்தக் கணக்கைத் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கம்பெனிக் கேன்டீன் அறிவிப்புப் பலகையிலும் எழுதிப் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய வட்டியைக் கட்டுப்படுத்த யாருமே முயலவில்லையா என்று கேட்கலாம். முயன்றார்கள். 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், அட்டைக் கடனுக்கு வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வாணிப முறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு வருஷங்களுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று, வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஆணையம் அதில் தலையிட முடியாது என்று கூறி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வங்கிக் கடனை எந்த நீதிமன்றமும் மறுபடி கிளறக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-ஏ பிரிவும் ஏற்கனவே தடுத்து வைத்திருக்கிறது. கிராமத்தில் மீட்டர் வட்டிக்கும் தண்டலுக்கும் விடுகிறவனைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அட்டையின் 42 சதவிகிதத்துக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ரிசர்வ் வங்கி, வட்டி அளவுமீறிப் போகலாகாது என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறதே ஒழிய, உச்சவரம்பு இன்னதென்று எண்ணிட்டுச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் சென்னை ராஜதானியின் பழைய சட்டம் ஒன்றை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், 1938-இல் நிறைவேறிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், வாங்கிய அசலைப் போல் இருமடங்கு செலுத்திவிட்ட விவசாயியின் கடன், அசலும் வட்டியும் சேர்ந்து, முற்றிலும் தீர்ந்ததாகவே கருதப்படும் என்று விதித்தது. மேலே சொன்ன மைத்துனன் மாதம் ஐயாயிரம் வீதம் கட்டி முடிக்கும்போது அந்த இருமடங்கு எல்லையைத் தாண்டிவிடுகிறான். ஏறக்குறைய தொண்ணூறு வருஷங்களுக்கு முன் நஞ்சையில் உழைத்தவனுக்கு நியாயம் என்று சட்டசபைக்குத் தோன்றியது, இன்று ஆலையில் உழைக்கிறவனுக்கும் நியாயமே. அசலுக்கு மேல் அசலளவு வாங்கியபின் வட்டி நிற்க வேண்டும் என்ற ஒரு வரம்பையாவது அரசாங்கம் கொண்டுவர வேண்டும்.

சட்டம் மாறும்வரை குடும்பம் காத்திருக்க முடியாது. உறவினர் பெயரில் உள்ள கடனை மற்றக் கடன்களுக்கெல்லாம் முன்னதாகத் தீர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வட்டி மட்டும் அல்ல. தன் பெயரில் கடன் வாங்கித் தவணை தவறினவனுக்குத் தன் கௌரவம்தான் போகிறது; உறவினர் பெயரில் வாங்கித் தவறினவன் பிறருடைய பெயரை அவருக்குத் தெரியாமலே அழிக்கிறான். கெடு தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் மினிமம் தொகையும் முழுமையாக வராவிட்டால் அந்தக் கணக்கு வாராக் கடனாகிவிடுகிறது. ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கறை படிவது மாமனுக்கு. வாலாஜாபாத் பக்கம் இரண்டு சென்ட் மனை வாங்கி வீடு கட்ட அவர் போடுகிற கடன் விண்ணப்பம் திரும்பி வரும்போது, மானேஜர் சொல்லித்தான் அந்தக் கறை அவருக்கே தெரியவருகிறது. வசூல்காரரின் போனும் செலவழித்தவனுக்கு வருவதில்லை. பெயர் உள்ளவருக்கே, அவர் லைனில் நிற்கும் நேரத்திலேயே வருகிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாதென்றும், குடும்பத்தாரையும் நண்பர்களையும் மிரட்டக் கூடாதென்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. விதியை மீறுகிற அழைப்புகளின் தேதி, நேரம், எண் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்வது பின்னால் புகாருக்கு உதவும்.

வேலை ஸ்திரமானது என்ற எண்ணத்தின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது; அந்த ஸ்திரத்தன்மை இந்தப் பிரதேசத்தில் ஒருமுறைக்கு மேல் குலைந்திருக்கிறது. எத்தனையோ குடும்பங்களின் முதல் பே ஸ்லிப்பைக் கொடுத்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது; அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த வருஷக் கடைசியில் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அந்தப் போராட்டத்தின் நியாயம் வேறு விஷயம்; சம்பளம் வராத மாதத்திலும் பில் வரும் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இனித் தீர்க்கும் வழியைப் பார்ப்போம். முதலில், சங்கடமாக இருந்தாலும், அட்டைக்கு உரியவரும் செலவழித்தவரும் இருவருடைய மனைவிமாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பில்லை முழுக்கப் படிக்க வேண்டும். இந்தக் காரியத்தைப் போனில் செய்ய முடியாது. எவ்வளவு யாருடைய செலவு, எவ்வளவு வட்டி, இதுவரை மைத்துனன் தாமதித்த மாதங்களில் மாமன் தம் கையிலிருந்து கட்டியது எவ்வளவு என்று மூன்று பத்திகளாக எழுதினால், மாதக்கணக்கில் மனத்துக்குள் புழுங்கிக் கிடந்த மனஸ்தாபத்தில் பாதி கணக்குப் பிழை என்று தெரியவரும். அக்காள் தம்பிக்காகப் பேசாமல் புருஷனிடமும், புருஷன் மனைவிக்காகப் பேசாமல் மைத்துனனிடமும் மறைத்து வைத்திருந்த விஷயங்கள் அன்றைக்கே வெளியே வந்துவிடுவது இரு வீட்டுக்கும் க்ஷேமம். அன்றே அட்டை உரியவர் கைக்குத் திரும்பிவிட வேண்டும். கடன் தீரும்வரை அதில் யாரும், உரியவர் உட்பட, ஒரு ரூபாய்கூடத் தேய்க்கலாகாது.

அடுத்தது எல்லாவற்றிலும் முக்கியமானது: கடனைச் செலவழித்தவன் தன் பெயருக்கு, குறைந்த வட்டிக்கு, மாற்றிக்கொள்வது. பே ஸ்லிப் பலம் இல்லாத கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வங்கியோ கூட்டுறவு வங்கியோ நகையின் பேரில் கடன் கொடுக்கும். வருஷத்துக்கு 10 சதவிகித வட்டியில் ஒரு லட்சம் வாங்கி அட்டையை ஒரே நாளில் தீர்த்துவிட்டு, அதே எட்டாயிரத்தை மாதாமாதம் நகைக்கடனுக்குக் கட்டினால், 14-ஆவது மாதத்தில் நகை வீட்டுக்குத் திரும்பிவிடும். வட்டியாகப் போனது சுமார் ஆறாயிரம் ரூபாய். அட்டையிலேயே வைத்துக் கட்டியிருந்தால் போயிருக்கக்கூடியது நாற்பத்து மூவாயிரத்துக்கு மேல். மனைவியின் கழுத்துச் சங்கிலியைக் கேட்பது லேசான காரியம் அல்ல என்பதை அறிவேன்; ஆனால் நகையில்லாத கழுத்தைவிட, அண்ணன் தங்கை, அக்காள் தம்பி என்ற பந்தம் அறுந்த வீடு பெரிய நஷ்டம். நகை இல்லாதவர்கள் பதிவு பெற்ற சீட்டில் கட்டி வருகிற பணத்தை எடுக்கலாம். கம்பெனியில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் அதில் கடன் கேட்கலாம். இவை ஒன்றும் கைகூடாதபோது, பாக்கியைத் தவணைக் கடனாக, அதாவது ஈ.எம்.ஐ.யாக, மாற்றித் தரும்படி அட்டை கொடுத்த வங்கியையே கேட்பது கடைசி உபாயம். அதில் வட்டி விகிதம் குறையும். பிராசஸிங் கட்டணமும் வட்டியின் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து முழுத்தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு அட்டையின் பாக்கியை இன்னொரு அட்டையைத் தேய்த்து அடைப்பதும், கமிஷன் பிடித்துக்கொண்டு கார்டைத் தேய்த்து ரொக்கம் கொடுக்கிற கடைகளுக்குப் போவதும் கூடவே கூடாது. ஏ.டி.எம்.மில் அட்டையிலிருந்து ரொக்கம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி.

பணத்தை உறவினர் கையில் கொடுப்பதைவிட அட்டைக் கணக்கிலேயே நேராகக் கட்டுவது இருவருக்கும் நல்லது. கொடுத்ததா, வேறு செலவுக்குப் போனதா என்ற பேச்சுக்கு இடமிராது. யு.பி.ஐ. செயலிகளில் பிறர் அட்டைப் பாக்கியையும் செலுத்தலாம். வட்டி தினப்படி பாக்கியின் மேல் ஏறுவதால், கெடு தேதிவரை காத்திராமல் சம்பளம் வந்த தினத்திலேயே கட்டுவது லாபம். தீபாவளி போனஸும் ஓவர்டைம் பணமும் அப்படியே அங்கே போகட்டும். ஒரு வருஷத்தில் ஒரு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக ஒரு அட்டைக்குக் கட்டினால் அந்தத் தகவல் வருமானவரித் துறைக்கு, பெயர் உள்ளவரின் பான் எண்ணில், போய்ச் சேரும் என்பதையும் மறக்கலாகாது.

எழுத்தில் ஒரு ஆதாரம் வேண்டுமா என்றால், அவசியம் வேண்டும். மாமனுக்கு மைத்துனன் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து, கட்டக் கட்ட அதன் பின்பக்கத்தில் வரவு வைத்து வருவது உறவை அவமதிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நம் பாட்டன்மார் சொந்தத் தம்பியிடமே நோட்டு எழுதி வாங்கினார்கள். அதனால் பாசம் குறைந்துவிடவில்லை. புரோநோட்டுக்குச் சட்டத்தில் ஆயுள் மூன்று வருஷம்.

வசூல்காரர்கள் சில சமயம் 'செட்டில்மென்ட்' என்று பாதித் தொகைக்குத் தீர்த்துவிட அழைப்பார்கள். தன் பெயரில் உள்ள கடனுக்கு ஒருவன் அதை ஏற்பதும் மறுப்பதும் அவன் இஷ்டம். பிறர் பெயரில் உள்ள கடனுக்கு அதை முடிவு செய்ய அவனுக்கு அதிகாரமே இல்லை. ஏனெனில் 'செட்டில்டு' என்ற குறிப்பு சிபில் அறிக்கையில் பல வருஷம் நின்று, கடன் வாங்காதவரின் கடன் வாய்ப்பைக் கெடுக்கும். முழுவதும் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்று வங்கியிடம் கடிதம் வாங்க வேண்டும். அட்டையை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால், பாக்கி இல்லாத பட்சத்தில், ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது விதி. கடன் தகவல்கள் இப்பொழுது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்படுகின்றன. வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிற சிபில் அறிக்கையை அடுத்த மாதமே எடுத்துச் சரிபார்ப்பது உரியவரின் கடமை.

இந்தத் தொழிற்பேட்டைகள் அமைந்த காஞ்சிபுரம் ஜில்லாவுக்குக் கடன் விஷயத்தில் ஒரு பழம்பெருமை உண்டு. வட்டிக்கொடுமைக்குப் பரிகாரம் தேடி சென்னை ராஜதானி அரசாங்கத்தின் சார்பில் ஆராய்ந்த ஃபிரெடெரிக் நிக்கல்ஸன், ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கூட்டுறவுக் கடன் முறையை இங்கே கொண்டுவர வேண்டும் என்று எழுதினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அந்த வருஷமே, இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில். பக்கத்திலுள்ள திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமக் கடன் சங்கமும் அதே ஆண்டில் பிறந்தது. அவ்வளவு அருகில் உதித்த ஒரு யோசனை, ஒரகடத்திலும் வல்லம்-வடகாலிலும் ஒப்பந்தத் தொழிலாளியை எட்ட வேண்டும். கம்பெனி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுத் துறையும் ஒன்றுகூடி, ஒப்பந்தக்காரர் மாறினாலும் அங்கத்தினர் உரிமை மாறாத ஒரு சிக்கன நாணயச் சங்கத்தை ஒவ்வொரு சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்திலும் ஏற்படுத்தினால், தன் பெயரிலேயே நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கிற ஒருவன் மாமனுடைய அட்டையைக் கேட்க நேராது.

அந்த ஏற்பாடு வரும்வரை, உறவினர் அட்டையில் செலவு செய்துவிட்டு மினிமம் டியூ மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் வாசகர்கள், அடுத்த வார லீவிலேயே அவர் வீட்டுக்குப் போய்ப் பில்லைக் கேட்டு வாங்கி, மொத்த பாக்கி என்ற இடத்தில் உள்ள தொகையைப் படியுங்கள். பில்லிலோ வசூல் முறையிலோ குறை கண்டு கொடுத்த எழுத்துமூலமான புகாருக்கு வங்கி 30 நாட்களுக்குள் சரியான பதில் சொல்லாவிட்டால், அட்டைக்கு உரியவர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.